நர்சிங் கல்லூரி ஆசிரியர் ஆகணுமா? எம்.எஸ்சி சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பி.எஸ்சி நர்சிங் முடித்து இரண்டு, மூன்று வருடம் வார்டில் ஓடி ஓடி வேலை பார்த்தவர்கள் மத்தியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பேசாம எம்.எஸ்சி பண்ணிட்டு டீச்சிங் லைனுக்குப் போயிடலாம்."

காரணங்களும் ரெடியாக இருக்கும். நைட் டியூட்டி கிடையாது. ஞாயிறு லீவு. கல்யாணம், குழந்தை என்று வந்தாலும் சமாளிக்கலாம். எல்லாம் ஓரளவு உண்மைதான். ஆனால் எம்.எஸ்சி படிக்கலாமா, வேண்டாமா என்பதோடு விஷயம் முடிவதில்லை. எப்போது சேர்வது, எந்தப் பிரிவில் சேர்வது, எந்தக் கல்லூரியில் சேர்வது என்ற மூன்று முடிவுகள் இருக்கின்றன. அடுத்த 15 ஆண்டு வேலை அந்த மூன்றின் மேல்தான் நிற்கும். விண்ணப்பம் போடும் அவசரத்தில் பலரும் இதை யோசிப்பதே இல்லை.

வேலை இருக்கா, இல்லையா?

இருக்கிறது. 2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடு முழுக்க 157 புதிய நர்சிங் கல்லூரிகள் அமைக்கப்படும் என்று 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. இதனால் ஆண்டுக்கு சுமார் 15,700 பி.எஸ்சி இடங்கள் கூடும் என்று அரசு சொன்னது.

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு வருடப் படிப்பு என்பதால், எல்லா வகுப்பும் நிரம்பும்போது 62,800 மாணவர்கள் இருப்பார்கள். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விகிதம். அப்படியானால் இந்தக் கல்லூரிகளுக்கு மட்டும் 6,280 ஆசிரியர்கள் வேண்டும். இது அரசு வெளியிட்ட எண் அல்ல, விகிதத்தை வைத்துப் போட்ட பெருக்கல்தான். ஆனால் தேவை எவ்வளவு பெரியது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

அதே நேரம், வேலை இருக்கிறது என்பதும் நல்ல வேலை இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அதைப் பின்னால் பார்ப்போம்.

யார் எங்கிருந்து தொடங்கலாம்?

பி.எஸ்சி நர்சிங் படித்தவருக்குப் பாதை நேரானது. நான்கு வருடம் பி.எஸ்சி, குறைந்தது ஒரு வருடம் வேலை அனுபவம், இரண்டு வருடம் எம்.எஸ்சி. மொத்தம் ஏழு.

ஜி.என்.எம் டிப்ளமோ படித்தவர்கள் நேரடியாக எம்.எஸ்சி சேர முடியாது. நடுவில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி முடிக்க வேண்டும். ரெகுலராகப் படித்தால் அது இரண்டு வருடம். வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ பல்கலைக்கழகத்தின் தொலைதூர போஸ்ட் பேசிக் படிப்பு உண்டு, அது மூன்று வருடம். தொலைதூர முறையில் ஏற்கப்படுவது இந்தப் படி மட்டும்தான். எம்.எஸ்சி நர்சிங்கை தபால் வழியாகப் படித்து ஆசிரியர் ஆக வழியே இல்லை. யாராவது அப்படி விளம்பரம் செய்தால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடலாம்.

எம்.எஸ்சி சேர இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பவை: பி.எஸ்சி அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சியில் 55 சதவீத மதிப்பெண், நர்ஸ் மற்றும் மிட்வைஃப் ஆக மாநில கவுன்சிலில் பதிவு, ஒரு வருட பணி அனுபவம். எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வு உண்டு. போஸ்ட் பேசிக் படித்தவர்களுக்கு அந்த ஒரு வருட அனுபவம் படிப்புக்கு முன்பு இருந்தாலும் பரவாயில்லை, பின்பு இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு விஷயம். 1947-ம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. புதிய ஆணையம் தன் விதிகளைக் கொண்டுவரும்போது தகுதி, சேர்க்கை முறை போன்றவை மாறலாம். எனவே சீனியர் சொன்ன பழைய விதியை நம்பாமல், சேரும் ஆண்டின் தகவல் தொகுப்பேட்டைப் படிப்பது பாதுகாப்பு.

அந்த ஒரு வருடம் சும்மா ஃபார்மாலிட்டியா?

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். எங்கேயோ ஓர் அனுபவச் சான்றிதழ் வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டு, வார்டு பக்கமே போகாமல் எம்.எஸ்சி சேர்ந்துவிடுவது. சான்றிதழ் பொய் என்று தெரிந்தால் சீட் போகும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், பின்னால் மாணவர்களோடு வார்டில் நிற்கும்போது வரும்.

ஓர் உதாரணம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போடப் போகிறார். இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் பாட்டிலும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 10 யூனிட் அல்ல, 25. நோயாளிக்கு சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

இந்தக் கணக்கு புத்தகத்தில் இருக்கிறது. எம்.எஸ்சி படித்த எவரும் போர்டில் எழுதிக் காட்டிவிடுவார். ஆனால் பத்து மாணவிகள் பத்து பெட்டில் நிற்கும்போது, நான்கு பெட் தள்ளி ஒருத்தி கையில் தப்பான மூடி இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் "நில்லு" என்று சொல்வதற்கு வேறொன்று வேண்டும். அது வார்டில் ஊறியவர்களுக்குத்தான் வரும். வார்டில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களும், கூட வந்திருக்கும் டியூட்டர் வேலை தெரிந்தவரா இல்லையா என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்துவிட்டால் மாணவர்களை நோயாளி பக்கம் விடவே யோசிப்பார்கள். இழப்பு மாணவர்களுக்கு.

ஒரு வருடம் என்பது குறைந்தபட்சம். முடிந்தால் இரண்டு, மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்வது நல்லது. அதுவும் பின்னால் எடுக்கப்போகும் பிரிவிலேயே.

வார்டு பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஆசிரியர் வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு தகவல்: ஆசிரியர் ஆனாலும் வார்டு விடாது. நர்சிங் படிப்பில் பாதிக்கு மேல் வார்டு போஸ்டிங்தான். காலை ஏழரை மணிக்கு மாணவர்களோடு பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்த வேலையில் அடக்கம்.

எந்த ஸ்பெஷாலிட்டி எடுப்பது?

எம்.எஸ்சியில் ஐந்து பெரிய பிரிவுகள். மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள் நலம், மகப்பேறு மற்றும் மகளிர் நலம், மனநலம், சமூக நலம். மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் இதயம், நரம்பியல், புற்றுநோய், தீவிர சிகிச்சை, சிறுநீரகம் என்று உட்பிரிவுகள் இருக்கின்றன.

கூட்டம் மெடிக்கல் சர்ஜிக்கலுக்குத்தான். பி.எஸ்சி பாடத்திட்டத்தில் அதிக மணி நேரம் அந்தப் பாடத்துக்கு இருப்பதால் ஒரு கல்லூரிக்கு அந்தப் பிரிவில் கூடுதல் ஆசிரியர்கள் தேவை. ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பினாலும், வெளிநாடு போனாலும் கை கொடுக்கும். ஆனால் போட்டியும் அதே அளவுக்கு.

மனநலம் பக்கம் போகத் தயங்குபவர்கள் அதிகம். "சைக்கியாட்ரி எடுத்தா வேற வேலை கிடைக்காது" என்று சீனியர்களே பயமுறுத்துவார்கள். யோசித்துப் பார்த்தால் இது பாதிதான் சரி. ஒவ்வொரு நர்சிங் கல்லூரியும் ஐந்து பாடத்தையும் நடத்தியாக வேண்டும். எனவே ஒவ்வொரு கல்லூரிக்கும் மனநல நர்சிங் ஆசிரியர் கட்டாயம் வேண்டும். சேர்பவர்கள் குறைவு என்பதால் கல்லூரிகள் தேடிப் பிடிக்கும் பிரிவு இது. ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்ப நினைத்தால்தான் கதவுகள் குறைவு. ஆசிரியர் வேலைதான் இலக்கு என்பவர்கள் இதை ஒதுக்கத் தேவையில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில் மனநல நர்சிங் எம்.எஸ்சி கிடைத்தால் அது தனி மதிப்பு.

சமூக நல நர்சிங்கும் அப்படித்தான். ஆரம்ப சுகாதார நிலையம், கிராமம், வீடு வீடாகப் போவது என்று வெயிலில் அலையும் வேலை. பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும். பொது சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் பக்கமும் வழி திறக்கும்.

எதை எடுத்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும். ஸ்பெஷாலிட்டியை இடையில் மாற்ற முடியாது. பின்னால் வேறு பாடத்துக்கு ஆசைப்பட்டால் மறுபடி இரண்டு வருடம்தான்.

தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருட முதுநிலைப் படிப்பும் இருக்கிறது. அது ரெசிடென்சி முறை. பெரும்பகுதி ஐ.சி.யூ-விலேயே கழியும். நோயாளி பக்கத்தில் நின்றே மேலே வர நினைப்பவர்களுக்கு அருமையான படிப்பு. கல்லூரி ஆசிரியர் ஆவதுதான் முதல் நோக்கம் என்றால் வழக்கமான எம்.எஸ்சியே நேர்வழி.

பி.எட் பண்ணணுமா? நெட் எழுதணுமா?

வேண்டாம். இரண்டுமே தேவையில்லை. யு.ஜி.சி நெட் தேர்வில் நர்சிங் என்று ஒரு பாடமே கிடையாது. பி.எட் பள்ளி ஆசிரியர்களுக்கானது.

கற்பிக்கும் பயிற்சி எம்.எஸ்சிக்கு உள்ளேயே இருக்கிறது. நீண்ட காலமாக நடைமுறையில் உள்ள பாடத்திட்டத்தில், முதலாம் ஆண்டில் 'நர்சிங் எஜுகேஷன்' என்ற பாடத்துக்கு 150 மணி நேர வகுப்பும் 150 மணி நேர செய்முறையும் ஒதுக்கப்பட்டுள்ளன. லெசன் பிளான் எழுதுவது, பிராக்டீஸ் டீச்சிங், கேள்வித்தாள் தயாரிப்பது, மாணவரின் செய்முறையை மதிப்பிடுவது எல்லாம் அதில்தான். இரண்டாம் ஆண்டில் நிர்வாகம் பற்றிய பாடமும், சொந்த ஆய்வும்.

ஆனால் பல கல்லூரிகளில் அந்த 150 மணி நேர செய்முறை எப்படி நடக்கிறது என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சில இடங்களில் எம்.எஸ்சி மாணவர்களே பி.எஸ்சி மாணவர்களுக்குத் தொடர்ந்து வகுப்பு எடுப்பார்கள், பேராசிரியர் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். சில இடங்களில் ரெக்கார்டு நோட்டு மட்டும் நிரம்பும். ஆசிரியர் ஆக விரும்புபவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

எம்.பி.ஏ ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன், எம்.பி.எச் போன்றவை நல்ல படிப்புகள்தான். நிர்வாகத்துக்கும் பொது சுகாதாரத்துக்கும் உதவும். ஆனால் எம்.எஸ்சி நர்சிங்குக்குப் பதிலாக அவற்றைக் காட்டி நர்சிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. எம்.ஃபில் பேச்சு இனி வேண்டாம். 2022-ல் வந்த யு.ஜி.சி விதிகளோடு அது முடிவுக்கு வந்துவிட்டது.

கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதுநிலை நர்சிங் படிப்பு இந்தியாவில் முதலில் தொடங்கியது டெல்லி ராஜ்குமாரி அம்ரித் கவுர் நர்சிங் கல்லூரியில், 1959-ல். அதே கல்லூரியும் வேலூர் சி.எம்.சி-யும்தான் 1946-ல் நாட்டிலேயே முதன்முதலாக பி.எஸ்சி நர்சிங்கைக் கொண்டுவந்தவை. இன்றும் இரண்டுக்கும் பெயர் உண்டு. எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ ஆகியவற்றில் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். இடங்கள் குறைவு, தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு.

தமிழ்நாட்டில் சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளின் நர்சிங் கல்லூரிகளில் எம்.எஸ்சி நடக்கிறது. அரசு இடங்களுக்கான சேர்க்கையை மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள் துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. கடைசி வாரத்தில் கையெழுத்துக்கு அலைந்து வாய்ப்பைத் தவறவிடுவது சகஜமாக நடக்கும் கதை.

தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா? நீங்கள் எடுக்கும் பிரிவுக்கு அங்கே உண்மையிலேயே நோயாளிகள் வருகிறார்களா? இதய நோய் நர்சிங் சேர்ந்துவிட்டு, இதய அறுவை சிகிச்சையே நடக்காத ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கல்லூரி வேறு ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதா, எத்தனை வாரம் அனுப்புவார்கள் என்பதைச் சேரும் முன் கேட்க வேண்டும். சென்னைப் பக்கத்துக் கல்லூரிகள் மனநலப் பயிற்சிக்கு கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும், குழந்தைகள் பிரிவுக்கு எழும்பூருக்கும் மாணவர்களை அனுப்புவது வழக்கம்.

கல்லூரிக்கு அந்த ஆண்டு, அந்தப் படிப்புக்கு, அந்தப் பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் உள்ள மாநில வாரிப் பட்டியலில் பார்க்கலாம். பி.எஸ்சிக்கு அனுமதி இருப்பதால் எம்.எஸ்சிக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை.

அடுத்து, வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒரு விஷயம். "நான் அட்டெண்டிங்" எம்.எஸ்சி. "நீங்க வேலையில இருங்க, எக்ஸாமுக்கு மட்டும் வந்தா போதும், மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லும் ஏஜென்ட்கள் நர்ஸ்களின் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் வெளிமாநிலக் கல்லூரிகள். குடும்பச் செலவு, லோன் என்று வேலையை விட முடியாதவர்களுக்கு இது பெரிய ஆசை காட்டும். ஆனால் விதிப்படி எம்.எஸ்சிக்கு 80 சதவீத வருகை வேண்டும். செய்முறை மணி நேரத்தை முழுதாக, 100 சதவீதம் முடித்தால்தான் பட்டம். ஒரே காலகட்டத்தில் ஓர் ஊரில் ஆஸ்பத்திரி சம்பளமும் இன்னோர் ஊரில் முழுநேர வருகையும் இருந்தால், அனுபவச் சான்றிதழையும் பட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் அது தெரிந்துவிடும். அரசுப் பணிக்கோ, வெளிநாட்டு கவுன்சிலுக்கோ சான்றிதழ் சரிபார்ப்பு வரும்போது மாட்டிக்கொள்வது ஏஜென்ட் அல்ல, படித்தவர்.

வருகைக் கணக்கில் இன்னொன்றையும் பெண்கள் யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது. படிப்பின் நடுவில் பிரசவம் வந்தால் விடுபட்ட நாட்களை எப்படி ஈடுகட்டலாம் என்று கல்லூரியிடம் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. அப்படிக் கேட்டதற்கே முகம் சுளிக்கும் கல்லூரியைப் பற்றி அங்கேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

கல்லூரியின் தரத்தை வீட்டில் இருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நீங்கள் யோசிக்கும் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடி, நான்கைந்து ஆய்வேடுகளைத் திறந்து பாருங்கள். ஒரே தலைப்பு ஊர் மட்டும் மாறி வருகிறதா, எந்த ஆஸ்பத்திரியில் தரவு எடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். பிராஸ்பெக்டஸ் சொல்லாததை ஆய்வேடு சொல்லும்.

டியூட்டர் முதல் பிரின்சிபல் வரை

பி.எஸ்சியும் ஒரு வருட அனுபவமும் இருந்தாலே டியூட்டர் அல்லது கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் ஆகலாம் என்பது பலருக்குத் தெரியாது. இந்த வேலை நமக்கு ஒத்து வருமா என்று சந்தேகம் இருப்பவர்கள், லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் முன் ஒரு வருடம் இப்படி இருந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

அதற்கு மேல் எம்.எஸ்சி இல்லாமல் நகர முடியாது. உதவிப் பேராசிரியருக்கு எம்.எஸ்சியும் மூன்று வருட கற்பித்தல் அனுபவமும் வேண்டும். இணைப் பேராசிரியர் என்றால் எம்.எஸ்சியோடு எட்டு வருடம், அதில் ஐந்து வருடம் கற்பித்தல். கல்லூரி முதல்வருக்கு எம்.எஸ்சியோடு 15 வருடம், அதில் 12 வருடம் கற்பித்தல். அந்த 12-ல் குறைந்தது ஐந்து வருடம் கல்லூரி அளவில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஜி.என்.எம் நடத்தும் நர்சிங் ஸ்கூலிலேயே பல வருடம் இருந்துவிட்டவர்கள் மேலே வரும்போது தடுக்கி விழுவது இந்த வரியில்தான்.

பிஎச்.டி இருந்தால் விரும்பத்தக்கது என்பதுதான் கவுன்சில் பட்டியலின் வார்த்தை. கட்டாயமில்லை. எனவே எம்.எஸ்சி முடித்த கையோடு ஓட வேண்டியதில்லை. பெங்களூருவில் உள்ள ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கவுன்சில் நடத்தும் தேசிய கூட்டமைப்பு வழியாகவும், எம்.ஜி.ஆர் பல்கலைக்கழகத்திலும் பிஎச்.டி செய்யலாம்.

சம்பளம்? எய்ம்ஸ் நர்சிங் ஆபீசருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய், படிகள் தனி. தனியார் நர்சிங் கல்லூரியில் புதிதாகச் சேரும் எம்.எஸ்சி ஆசிரியருக்குப் பெரும்பாலும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. பணம்தான் முதல் கவலை என்றால் நார்செட் தேர்வுக்கோ, எம்.ஆர்.பி தேர்வுக்கோ தயாராவது லாபம். கற்பிக்கும் வேலையில் சம்பளம் அனுபவத்தோடுதான் ஏறும், அதுவும் மெதுவாக. வீட்டில் பேசி, முதல் ஐந்து வருடத்துக்கு இது தாங்குமா என்று கணக்குப் பார்த்த பிறகு இறங்குவது நல்லது.

வேலையில் சேரும் நாளில்

எம்.எஸ்சி முடித்ததும் அதைக் கூடுதல் தகுதியாக மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். நர்ஸ்களுக்கான தேசியப் பதிவு முறையில் கிடைக்கும் என்.யு.ஐ.டி எண்ணிலும் விவரங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒரே ஆசிரியரை இரண்டு கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டினால் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு நாள் மட்டும் வந்து உட்காருங்க மேம்" என்று அழைப்பு வந்தால், பணம் எவ்வளவு என்று கேட்கும் முன் இதை யோசியுங்கள்.

சில கல்லூரிகள் வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்ளும். வேறு வேலை கிடைத்துக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். ஒரிஜினலைக் காட்டி, சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். நியமன ஆணையில் பதவிப் பெயர், சேர்ந்த தேதி, பாடம் மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். பின்னால் உதவிப் பேராசிரியர் பதவிக்கு மூன்று வருடத்தை எண்ணும்போது, எண்ணிக்கை தொடங்குவது அந்தத் தேதியில் இருந்துதான்.